கோதுமை மேல பழியைப் போடறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுங்க சாமி

"அண்ணா, உங்க அரிசி குளூட்டன் ஃப்ரீயா?"

இந்தக் கேள்வி இப்போ மாசத்துக்கு நாலு தடவையாவது வருது. என்கிட்ட நேரடியா அரிசி வாங்குற சென்னைக்காரங்கதான் கேட்கிறாங்க. அண்ணாநகர்ல ரெண்டு பேர், வேளச்சேரியில ஒரு அம்மா, பெங்களூர்ல இருந்து ஒரு தம்பி.

அரிசியில் குளூட்டன் கிடையாதுங்க. என் பாபட்லாவுலயும் கிடையாது, ரேஷன் அரிசியிலயும் கிடையாது, நேத்து ராத்திரி தண்ணி ஊத்தி வெச்ச சோத்துலயும் கிடையாது. அரிசி மூட்டை மேல "குளூட்டன் ஃப்ரீ"ன்னு சீட்டு ஒட்டுறது, இளநீர் மேல "எலும்பு இல்லாதது"ன்னு ஒட்டுற மாதிரி.

ஒட்டினா எனக்கு லாபம்தான், அதையும் சொல்லிடறேன். 2024-25 சீசனுக்கு மத்திய அரசு சாதா ரக நெல்லுக்கு வெச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2300 ரூபாய். கிலோ 23. அதே நெல்லு அரிசியாகி, பிரவுன் கவருக்குள்ள போய், ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிக்கிட்டா விலை எங்கயோ போய் நிக்குது. எளாவூர்ல உக்காந்துக்கிட்டு நெல்லு போடறவனுக்கு, பட்டணத்துக்காரங்க எல்லாரும் ஒரே நாள்ல கோதுமையைத் தூக்கிப் போட்டா கொண்டாட்டம்தானே? ஆனாலும் இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கல. கேள்விக்கு அடுத்து வர்ற வரிதான் காரணம்.

"அடிக்கடி உடம்பு முடியாமப் போகுதுண்ணா. சளி, வயிறு உப்புசம், அசதி. கோதுமைதான் காரணம். நிறுத்திட்டேன்."

டாக்டர் சொன்னாரா? இல்லை. டெஸ்ட் எடுத்தீங்களா? இல்லை. வீடியோல சொன்னாங்க.

இங்கதான் நான் சண்டைக்கு வர்றேன். குளூட்டன் பொய்னு சொல்ல வரல. அது சில பேருக்கு நெஜமான விஷம். விஷம்னா சும்மா பேச்சுக்கு இல்லை, குடலையே மொட்டையடிக்கிற விஷம். அந்தச் சில பேரை யாரும் கண்டுபிடிக்கிறதில்லை. வியாதி இல்லாதவங்க தாங்களே தீர்ப்பு எழுதிக்கிட்டுத் திரியறாங்க, இருக்கிறவங்க பூச்சி மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுக் கெடக்கிறாங்க.

குளூட்டன்னா என்னன்னு முதல்ல பார்த்துடலாம். வீட்ல ஒரு உருண்டை மைதா மாவைப் பிசைஞ்சு, தண்ணிக்கு அடியில வெச்சுக் கழுவிக்கிட்டே இருங்க. வெள்ளையா மாவுப்பால் போயிட்டே இருக்கும். தண்ணி தெளிஞ்ச பிறகு கையில ரப்பர் மாதிரி ஒண்ணு மிஞ்சும் பாருங்க, அதுதான். புரதம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசிக் காகிதம் மாதிரி ஆக்கறாரே, அது கிழியாம இழுபடறதுக்கு இந்த ரப்பர்தான் காரணம். அரிசி மாவுல பரோட்டா போட முடியாததுக்கும் இதேதான் காரணம். கோதுமை, பார்லி, ரை இந்த மூணு தானியத்துலயும் இந்த வகைப் புரதம் இருக்கு. ரவை, மைதா, சேமியா எல்லாம் கோதுமையோட பிள்ளைங்கதான். சம்பா கோதுமையில குளூட்டன் இல்லைன்னு ஆர்கானிக் கடையில சொல்றாங்களாம். இருக்கு. பழைய ரகம், பாரம்பரிய ரகம்னு எந்தப் பேர் வெச்சாலும் கோதுமை கோதுமைதான்.

இந்தப் புரதத்தைப் பார்த்தா சில பேர் உடம்புல இருக்கிற எதிர்ப்பு சக்தி, எதிரி வந்துட்டான்னு நினைச்சுத் தன் குடலையே அடிக்க ஆரம்பிச்சிடும். சிறுகுடல் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். நாத்தங்கால்ல நாத்து நிக்கிற மாதிரி நெருக்கமா நிக்கும். அதுங்கதான் சாப்பாட்டுல இருக்கிற சத்தை உறிஞ்சுறது. இந்த வியாதியில அந்த விரல்கள் எல்லாம் தேஞ்சு மட்டமாயிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் இரும்புச்சத்து ஏறாது, சுண்ணாம்புச்சத்து ஏறாது. வயித்துப்போக்கு, ரத்தசோகை, வாய்ப்புண், எலும்பு வலுவில்லாமப் போறது, குழந்தைங்க வளராம நின்னுடறது எல்லாம் பின்னாடியே வரும். பேரு சீலியாக் நோய். குணப்படுத்த மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டனை ஒரு துளி இல்லாம நிறுத்தினா குடல் திரும்பத் தழைக்கும். அவ்ளோதான் வைத்தியம்.

இதைக் கோதுமையோட சேர்த்துப் பிடிச்சவர் நெதர்லாந்துல ஒரு குழந்தை டாக்டர், வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்துல, போர் சமயம், அங்க ரொட்டிக்குப் பஞ்சம். ஜனங்க துலிப் கிழங்கைத் தின்ன காலம். ஊரே பட்டினியில வாடறப்போ, ஆஸ்பத்திரியில இருந்த சீலியாக் குழந்தைங்க மட்டும் தேறினாங்க. திரும்ப ரொட்டி வந்ததும் பழையபடி படுத்தாங்க. அவருக்கு அதுக்கு முன்னாடியே கோதுமை மேல சந்தேகம் இருந்தது, பஞ்சத்துல உறுதியாச்சு. 1950-ல ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதினார். பஞ்சத்துல தேறின பிள்ளைங்கன்னு படிச்சப்போ எனக்கு ரெண்டு நாள் அந்த நினைப்பாவே இருந்தது.

சரி, நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். 2016-ல நம்ம டாக்டர்கள் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டாங்க. வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூணு பக்கமும் சேர்த்து 23,331 பெரியவங்களை, வியாதின்னு வராத சாதாரண ஜனங்களை, சோதிச்சுப் பார்த்தாங்க. வடக்குல ஆயிரம் பேருக்கு 8.53 பேருக்கு சீலியாக். வடகிழக்குல 4.66. தெற்குல 0.11. தெற்குல அவங்க பார்த்தது 8973 பேர். கணக்குப் போட்டா அத்தனை பேர்ல ஒருத்தர்.

தெற்குல இருக்கிற நீங்களும் நானும் இதைப் படிச்சுட்டு "அப்பாடா"ன்னு சொல்லிக்கலாம். வேளச்சேரி அம்மாவுக்கு இதைத்தான் முதல்ல அனுப்பினேன். உங்களுக்கு சீலியாக் இருக்கறதுக்கான வாய்ப்பு ரொம்பக் குறைச்சல், அதனால உங்க அசதிக்கு வேற காரணம் தேடுங்கன்னு.

ஆனா அதே ஆய்வுல இன்னொரு சேதி இருக்கு. இந்த வியாதி வரணும்னா ரத்தத்துல ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருக்கணும். வடக்குல 38.1 சதவீதம் பேருக்கு அது இருந்தது. நம்ம தெற்குல 36.4 சதவீதம். ஏறக்குறைய ஒண்ணுதான். அப்புறம் எப்படி வியாதியில இவ்ளோ வித்தியாசம்? தட்டைப் பாருங்க. வடக்குல ஒருத்தர் ஒரு நாளைக்கு சராசரியா 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்குல 25 கிராம். 25 கிராம்னா ஒரு சப்பாத்தி மாவு. மரபணு இருக்கிற எல்லாருக்கும் வியாதி வராது, சொற்பம் பேருக்குத்தான் வரும். ஆனா விதை இங்கயும் இருக்கு, தண்ணிதான் பாயலை.

இப்போ தண்ணி பாய ஆரம்பிச்சிருக்கு. காலையில ரவை உப்புமா, ராத்திரி சப்பாத்தி, வெளிய போனா பரோட்டா, டீக்கடையில பிஸ்கட், பிள்ளைக்கு நூடுல்ஸ். 25 கிராமாவா இருக்கு? அதனால "இது வடநாட்டு வியாதி, நமக்கு வராது"ன்னு ஒரு டாக்டர் சொன்னா அதுவும் தப்பு. எல்லாருக்கும் குளூட்டன் ஆகாதுன்னு வீடியோக்காரர் பயமுறுத்தறதும் தப்பு. ரெண்டு தப்பும் சேர்ந்துதான் நெஜ நோயாளியை மறைக்குது.

நெஜ நோயாளி யாருன்னு எங்க ஊர்லயே காட்டறேன்.

எளாவூர் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: சென்னையில இருந்து கொல்கத்தா ரோட்டைப் பிடிச்சு, கும்மிடிப்பூண்டி தாண்டினா ஆந்திரா எல்லைக்கு முன்னாடி சோதனைச்சாவடி வரும்ல, அதான் நாங்க. நெல்லு, வேர்க்கடலை, பல வீட்ல தெலுங்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்து ஜனங்க சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துலயும் லைன் வீடுகள்ல குடியிருக்காங்க. ஆரம்பத்துல ஆம்பளைங்க மட்டும் வந்தாங்க. இப்போ குடும்பமா இருக்காங்க, பிள்ளைங்க நம்ம பள்ளிக்கூடத்துல படிக்குது.

எங்க பின்தெருவுல பீகார்க்காரர் ஒருத்தர் குடும்பம். இரும்பு உருட்டு மில்லுல வேலை. ஏழு வயசுல ஒரு பொண்ணு. பார்த்தா நாலு வயசுன்னுதான் சொல்வீங்க. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னாடி தள்ளிக்கிட்டு, மூஞ்சி வெளுத்து. ரெண்டு வருஷமா இங்கயும் அங்கயும் காட்டினாங்க. பூச்சி மாத்திரை, இரும்பு டானிக், துத்தநாக மாத்திரை, திரும்பப் பூச்சி மாத்திரை. "ஊர் மாறி வந்தீங்கல்ல, தண்ணி ஒத்துக்கல"ன்னு ஒரு கிளினிக்குல சொன்னாங்களாம். தண்ணி ஒத்துக்கலைன்னா ரெண்டு வருஷமாவா?

கடைசியில சென்னையில ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி. அங்க ஒரு பெண் டாக்டர், வடக்கே படிச்சவங்க போல. எந்த ஊர்னு கேட்டாங்க, அடுத்ததா "ரொட்டி எத்தனை வேளை?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விதான். ரத்தத்துல டிடிஜி-ஐஜிஏன்னு ஒரு பரிசோதனை. எக்கச்சக்கமா இருந்தது. அப்புறம் எண்டோஸ்கோப்பி விட்டு, சிறுகுடல்ல துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி பண்ணாங்க. அவங்க அப்பா வந்து என்கிட்ட கேட்டது: "அண்ணா, ரொட்டி இல்லாம எப்படி அண்ணா?"

அவருக்கு ரொட்டி இல்லாம சாப்பாடு இல்லை. நமக்கு சோறு மாதிரி. இங்க அண்ணாநகர்ல குளூட்டன் ஃப்ரீ பிரெட் எங்க கிடைக்கும்னு தேடறாங்க, அங்க ஒரு மனுஷன் நாலு தலைமுறை சாப்பாட்டைப் பொண்ணு தட்டுல இருந்து எடுக்கணும்.

அப்புறமும் ரெண்டு மாசம் சரியாகல. ரொட்டியை நிறுத்தியாச்சு, சோறுதான் போடறாங்க, இருந்தும் வயிறு நிக்கல. விசாரிச்சா ரெண்டு விஷயம் தெரிஞ்சது. ஒண்ணு, பெருங்காயம். நாம கடையில வாங்கறது கூட்டுப் பெருங்காயம். சுத்தப் பெருங்காயத்தோட கோந்தும் மாவும் கலந்தது. அந்த மாவு பல கம்பெனியில கோதுமை மாவு. டப்பாவைத் திருப்பிப் பாருங்க, எழுதியிருக்கும். பருப்புல தினம் ஒரு சிட்டிகை போய்க்கிட்டு இருந்திருக்கு. ரெண்டாவது, அரிசி மாவு அரைக்கிற மிஷின். நம்ம ஊர் மாவு மிஷின்ல முன்னாடி போறவங்க கோதுமை அரைப்பாங்க, அதுக்குப் பின்னாடியே உங்க அரிசி. முதல் ரெண்டு கை மாவு யாரோட கோதுமையோ. உங்களுக்கும் எனக்கும் அது ஒண்ணும் பண்ணாது. அந்தப் பொண்ணுக்குப் பண்ணும். குளூட்டன் இல்லைன்னு எழுதி விக்கிற உணவுல கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல அது இருக்கக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறை வெச்சிருக்கு. 20 மில்லிகிராம். ஒரு கிலோ மாவுல ஒரு சிட்டிகைகூட இல்லை. நெஜ நோயாளிக்குக் கணக்கு அப்படி. "வாரத்துல அஞ்சு நாள் குளூட்டன் சாப்பிடறதில்லை, சனி ஞாயிறு பீட்சா"ன்னு சொல்றவங்களுக்கு இருக்கிறது இந்த வியாதி இல்லைன்னு எனக்கே தெரியுது.

இதனாலதான் எங்கிட்ட அரிசி மாவு, இடியாப்ப மாவு கேட்கிறவங்க யாருக்காவது டாக்டர் உறுதிப்படுத்தின சீலியாக் இருந்தா, என் மாவு வேண்டாம்னு சொல்லிடறேன். அரிசியா வாங்கி வீட்லயே அரைச்சுக்குங்க. நெல்லு அரைக்கிற ஆலை வேற, அங்க கோதுமை வராது. மாவு மிஷின் பொது.

பொண்ணு இப்போ தேறிட்டு வருது. அவங்களுக்கு வேண்டிய சாப்பாடு இந்த ஊர்ல எங்க கிடைச்சதுன்னா, ரேஷன் கடையில. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்துல தமிழ்நாடு 2020 அக்டோபர்ல சேர்ந்தது. அவங்க ஊர் கார்டுக்கு இங்கயே அரிசி கொடுக்கிறாங்க. ஸ்டிக்கர் இல்லாத, கவர் இல்லாத குளூட்டன் ஃப்ரீ. பள்ளிக்கூடத்துல காலை உணவுத் திட்டம் இருக்கு, 2022-ல மதுரையில ஆரம்பிச்சது, நல்ல திட்டம், எங்க ஊர்ப் பிள்ளைங்க பசியில்லாம உக்காருது. ஆனா அதுல ரவையும் சேமியாவும் அடிக்கடி வரும். அந்தப் பொண்ணுக்கு மட்டும் பொங்கல் போடற அன்னைக்கு, சாம்பார் ஊத்தாம. மத்த நாள்ல அம்மா சோறு கட்டிக் கொடுக்கிறாங்க. சமைக்கிற அக்காவுக்கு முதல்ல புரியல. "உப்புமா சாப்பிட்டா என்னா ஆயிடும்"னாங்க. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டின பிறகு அவங்களே காவல் காக்கிறாங்க. அந்தச் சீட்டு இல்லைன்னா? இதுவும் ஒரு பேஷன்னு நினைச்சிருப்பாங்க. அப்படி நினைக்க வெச்சது யாரு? ஓட்டல்ல உக்காந்து "எனக்கு குளூட்டன் ஒத்துக்காது"ன்னு சொல்லிட்டு, அடுத்த நிமிஷம் குலாப் ஜாமூன் கேட்கிறவங்கதான்.

டெஸ்ட் எடுக்காம நிறுத்தினா என்ன நஷ்டம், சும்மா ஒரு தானியம்தானேன்னு கேட்பீங்க. நஷ்டம் இருக்கு. இந்த ரத்தப் பரிசோதனை நீங்க கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாத்தான் சரியாக் காட்டும். நிறுத்திட்டுப் போனா எதிர்ப்பொருள் இறங்கிடும், குடலும் ஆறிடும், நெஜமாவே வியாதி இருந்தாலும் "இல்லை"ன்னு வந்துடும். அப்புறம் உறுதி பண்ணணும்னா திரும்ப ஆறு வாரமாவது தினம் கோதுமை சாப்பிட்டுட்டு வாங்கன்னு சொல்வாங்க. நெஜமா வியாதி இருக்கிறவங்களுக்கு அந்த ஆறு வாரம் நரகம். உங்களுக்கு இருந்தா உங்க அண்ணன் தங்கச்சிக்கும் பிள்ளைக்கும் மத்தவங்களைவிட அதிகமா வர வாய்ப்பு உண்டு, அவங்களையும் சோதிக்கணும். உங்க சீட்டு இல்லாம அதை யார் செய்வாங்க?

இன்னொரு பக்கம் பாருங்க. தமிழ்நாட்டுல 15-லிருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. அடிக்கடி அசதி, மூச்சு வாங்குது, சளி பிடிக்குதுன்னா முதல்ல ஹீமோகுளோபின் பாருங்க. தைராய்டு பாருங்க. சர்க்கரை பாருங்க. பால் ஒத்துக்காதவங்க வடக்கைவிட நம்ம தெற்குல அதிகம், பாலை ரெண்டு வாரம் நிறுத்திப் பாருங்க. அந்த வேளச்சேரி அம்மா கோதுமையை நிறுத்தினதும் உப்புசம் போச்சுன்னாங்க. கோதுமையோட என்னென்ன நின்னுச்சுன்னு கேட்டேன். பேக்கரி பப்ஸ், கேக், பிஸ்கட், அதைத் தொட்டுக்கிட்ட பால் டீ, ராத்திரி பத்து மணி பரோட்டா. இத்தனையும் நின்னா யாருக்குத்தான் வயிறு லேசாகாது! பேரை மட்டும் குளூட்டன் வாங்கிக்கிச்சு.

சீலியாக் இல்லாமயே கோதுமை சாப்பிட்டா வயிறு படுத்தறவங்க இருக்காங்க, அதை நான் மறுக்கல. அவங்க கஷ்டம் நெஜம். ஆனா குத்தவாளி குளூட்டன்தானான்னு கேட்டா அங்கயும் சந்தேகம் இருக்கு. நார்வேயில தனக்கு குளூட்டன் ஆகாதுன்னு தாங்களே சொன்ன 59 பேரை, எதுல என்ன இருக்குன்னு சொல்லாம சாப்பிட வெச்சுப் பார்த்தாங்க. 2018-ல வந்தது. குளூட்டன் சாப்பிட்டப்போ வந்த தொல்லையைவிட, ஃபிரக்டான்னு ஒரு மாவுச்சத்து சாப்பிட்டப்போதான் அதிகத் தொல்லை. அந்த ஃபிரக்டான் கோதுமையில இருக்கு, வெங்காயத்துலயும் பூண்டுலயும்கூட இருக்கு. அப்போ சப்பாத்தியை நிறுத்திட்டு வெங்காயச் சட்னியோட தோசையா சாப்பிடறவங்க என்ன பண்ணப் போறீங்க?

இதுக்கு நடுவுல புகுந்து காசு பார்க்கிற கூட்டம் ஒண்ணு. ஒரு சொட்டு ரத்தம் கொடுங்க, நூறு சாப்பாட்டுல எது உங்களுக்கு ஆகாதுன்னு சொல்றோம்னு வீட்டுக்கே வந்து எடுக்கிறாங்க. அதுல பார்க்கிறது ஐஜிஜின்னு வேற ஒரு எதிர்ப்பொருள். நீங்க ஒண்ணை அடிக்கடி சாப்பிடறீங்கன்னாலே அது ஏறும். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008-லயே இதை வெச்சு சாப்பாட்டு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்காதீங்கன்னு எழுதிட்டாங்க. பெங்களூர் தம்பி அந்த அறிக்கையை எனக்கு அனுப்பினார். கோதுமை, முட்டை, கத்திரிக்கா, பாசிப்பயறு, அரிசி எல்லாமே சிவப்பு. அப்புறம் என்னத்தை சாப்பிடுவார்? அதுக்கும் அவங்ககிட்டயே ஒரு பொடி இருக்காம்.

எனக்கு இதுல ஒரு பழைய வயித்தெரிச்சலும் இருக்கு, மறைக்கல. நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க வீட்ல சப்பாத்தின்னா அது விசேஷம். அப்புறம் சர்க்கரை வியாதி பரவினப்போ டவுன்ல எல்லாரும் சொன்னாங்க, அரிசிதான் விஷம், ராத்திரி சப்பாத்தி சாப்பிடுன்னு. சப்பாத்தியிலயும் இருக்கிறது மாவுச்சத்துதான். தட்டு நிறையச் சோறு போட்டுக்கறவங்க சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடறாங்க, அளவு குறையறதால சர்க்கரை குறையுது, வேற மாயம் ஒண்ணும் இல்லை. ஆனா அரிசிக்குக் கெட்ட பேர் வந்தது வந்ததுதான். "இன்னும் நெல்லுதான் போடறீங்களா?"ன்னு கேட்டவங்க உண்டு. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதும் காத்து அங்க திரும்பிச்சு. கேவுரும் கம்பும் எங்க பாட்டி காலத்துல இருந்து எங்க வீட்ல இருக்கு. அதுக்கு இப்போ மவுசு வந்தது சந்தோஷம்தான். ஆனா ஒரு தானியத்தைத் தூக்கறதுக்கு இன்னொரு தானியத்தை விஷம்னு சொல்லியே ஆகணுமா? நேத்து அரிசி, இன்னைக்குக் கோதுமை. அடுத்த வருஷம் கேவுரு மேல ஒரு வீடியோ வராதுன்னு யார் சொல்ல முடியும்? பஞ்சாப்ல கோதுமை போடறவனும் என்னை மாதிரி விவசாயிதான். அவன் பயிரைத் திட்டி என் பயிரை விக்கறதுல எனக்கு இஷ்டம் இல்லை.

அரசாங்கத்துக்கிட்ட ஒரு விஷயம் கேட்கலாம். கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர்னு வடக்கத்தி ஜனங்க குடும்பமா குடியிருக்கிற இடங்கள்ல, குழந்தைக்கு இரும்பு டானிக் கொடுத்து மூணு மாசமாகியும் ரத்தம் ஏறலைன்னா டிடிஜி பரிசோதனை செய்யணும்னு ஒரு சுற்றறிக்கை. டெல்லி வட்டாரத்துல எய்ம்ஸ் டாக்டர்கள் 2011-ல வெளியிட்ட ஆய்வுல 96 பேருக்கு ஒருத்தருக்கு சீலியாக் இருந்தது. அந்தப் பக்கத்து ஜனங்கதான் இப்போ நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல வரிசையில நிக்கிறாங்க. "நம்ம பக்கம் இது கிடையாது"ங்கிற பழைய பாடம் இந்த வரிசைக்குப் பொருந்தாது.

பட்டணத்துல இருக்கிற நீங்க செய்யக்கூடியது இன்னும் சுலபம். உங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன், சலூன்காரர், ஓட்டல்ல தண்ணி வைக்கிற பையன், மெட்ரோ வேலைக்கு வந்தவர்னு யாராவது ஒருத்தர் குடும்பம் உங்க தெருவுலயே இருக்கும். அவங்க பிள்ளை வயசுக்கு வளரலை, அடிக்கடி வயித்துப்போக்கு, எத்தனை டானிக் கொடுத்தும் வெளுப்பு போகலைன்னா, ஒரு சீட்டுல "டிடிஜி-ஐஜிஏ"ன்னு எழுதிக் கொடுத்து, இதை டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்கன்னு அனுப்புங்க. டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் ரொட்டியை நிறுத்த வேண்டாம்னும் சொல்லுங்க. வியாதின்னு உறுதியாச்சுன்னா, உங்க சமையல்கட்டுல இருக்கிற பெருங்காய டப்பாவை எடுத்துப் போய் அந்த அம்மாவுக்குக் காட்டி, பின்னாடி எழுதியிருக்கிறதைப் படிச்சுச் சொல்லுங்க. அவங்களுக்குத் தமிழும் வராது, அந்தப் பொடி எழுத்து இங்கிலீஷும் வராது.